அடிபடாத கார்

விளம்பரத்தை எழுதியது நபீஸ். ‘ஸ்விஃப்ட் ஸ்போர்ட். மஞ்சள் நிறம். மெனுவல் கியர். பெண் ஓட்டியது. அடிபடாத கார்.’ எழுதி முடித்துவிட்டுப் போனை மனைவியிடம் நீட்டினார்.

ஜுமானா வாசித்தாள். “பெண் ஓட்டின எண்டு என்னத்துக்குப் போட்டீங்க?”

“அப்பதானே சனம் நம்பும். மெதுவா ஓட்டின காரெண்டு நெனப்பாங்க.”

“சரி, போடுங்க” என்றாள். கடைசி இரண்டு சொற்களைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. நபீஸ் பொய் எழுதவில்லை. தனக்குத் தெரிந்ததைத்தான் எழுதியிருந்தார்.

அந்தக் கார் இரண்டு வருடங்களுக்கு முன்னர் நன்றாகவே அடிபட்டிருந்தது. அப்போது நபீஸ் டோஹாவில் ஒரு ஹோட்டலில் கணக்காளராக இருந்தார். ஒரு சனிக்கிழமை ஜுமானா, ஒரு வயது மகள் ஆதிலாவை உம்மா வீட்டில் விட்டுவிட்டு, தெற்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில் நடந்த ஓட்டத்துக்குப் போனாள். ஒவ்வொரு காராக விட்டு, யார் எத்தனை விநாடியில் சுற்றி வருகிறார் என்று பார்க்கும் போட்டி. அவளுடைய காரில் புது டயர் இருந்தது. உயரத்தைக் குறைத்த இறுக்கமான ஸ்பிரிங் இருந்தது. எஞ்சினின் கணினியில் செய்த மாற்றத்தால் முன்னைவிட வேகமும் இருந்தது. பிரேக் எண்ணெயை மாத்திரம் மாற்றியிருக்கவில்லை. மூன்றாவது ஓட்டத்தில், கடைசி வளைவுக்குச் சற்று முன்னால், மிதித்த பிரேக் பஞ்சில் கால் வைத்ததுபோல உள்ளே போனது. வலது முன்பக்கம் சீமெந்துக் கட்டையில் போய் இறங்கியது.

அவளுக்கு வலது தோளில் பெல்ட் அழுத்தி நீலம் பாரித்ததோடு சரி. காருக்கு விளக்கும் பம்பரும் மட்காட்டும் போயின. அவற்றுக்கு உள்ளே, எஞ்சினைத் தாங்குகிற இரும்புச் சட்டமும் மடிந்துபோனது. தெமட்டகொடையில் ரயில் பாதைக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் ரிப்கான் ஐந்து கிழமை காரை வைத்திருந்து, சட்டத்தை இழுத்து நேராக்கி, கிழிந்த இடத்தில் வெல்டிங் பிடித்து, நிறம் பிசகாமல் பெயின்ட் அடித்துக் கொடுத்தான். பந்தயத்தில் அடிபட்டதற்கு இன்சூரன்ஸ் ஒரு சதமும் தராது. தன் சேமிப்பிலிருந்து கொடுத்து முடித்தாள். நபீஸ் வீடியோ கோலில் கேட்டபோது, “பம்பர்ல கீறல், பெயின்டுக்குக் குடுத்தீக்கு” என்றாள். அவர் நம்பினார்.

இப்போது அவர் திரும்பி வந்து ஐந்து மாதம். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய மாடிவீட்டுக்குக் கீழே ஒரு கார் நிறுத்த மட்டுந்தான் இடம். நபீஸ் டோஹாவில் ஓட்டோ கியருக்குப் பழகிப்போனவர். கிளச்சில் கால் வைத்தாலே கார் துள்ளும். ஆதிலாவோ அந்த இறுக்கமான ஸ்பிரிங்கில் மருதானை போய்ச் சேர்வதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். விற்கவேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

முதல் இரண்டு கிழமையில் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் நபீஸைப் பார்த்தே பேசினார்கள். “நானா, கிளச் எப்ப மாத்தின? எண்ணெய் என்ன போடுற?” என்று கேட்பார்கள். நபீஸ் ஒவ்வொரு முறையும் கையை ஜுமானாவின் பக்கம் நீட்டி, “அவங்கட்டக் கேளுங்க, எனக்கு அந்த மஞ்சள் நிறம் மட்டுந்தான் தெரியும்” என்பார். அவர்கள் சிரிப்பார்கள், பிறகும் அவரிடமே கேட்பார்கள். கிராண்ட்பாஸிலிருந்து வந்த ஒருவன் காரை ஸ்டார்ட் செய்ததும், எஞ்சின் சூடாவதற்கு முன்னமே காது கிழிய மிதித்தான். ஜுமானா பொனட்டை மூடினாள். “காலையில எழும்பின ஒடன ஒங்கள ஓடச் சொன்னா ஓடுவீங்களா? ஒங்களுக்கு இது வாணாம்” என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஏழாவதாக வந்தவன் ஜனா. வெள்ளவத்தை. இருபத்துமூன்று வயது, மென்பொருள் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்து ஒரு வருடம். கூட அவனுடைய அக்கா மிதுனா வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கும் வேலை. ஜனா படியேறி வரும்போதே, “இதை ஓட்டினது ஆர்?” என்று கேட்டான். “நான்தான்” என்றாள் ஜுமானா. அதற்குப் பிறகு அவன் அவளிடம் மட்டுமே பேசினான். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கப் போனார்கள். ஆதிலாவைக் கீழ்வீட்டு எவ்லின் அன்ரியிடம் விட்டுவிட்டு நபீஸும் பின் சீட்டில் மிதுனாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். புறக்கோட்டை நெரிசலில் ஜுமானா ஓட்டினாள். காலிமுகத்திடலைத் தாண்டிக் கொள்ளுப்பிட்டியில் நிறுத்தி, சாவியை ஜனாவிடம் கொடுத்தாள். மெரைன் டிரைவில் ஒரு பக்கம் ரயில் பாதையும் கடலும், மறுபக்கம் ஹோட்டல்களுமாகப் பாதை நேராகக் கிடந்தது. பையன் மோசமில்லை. கியர் மாற்றும்போது கொஞ்சம் அவசரப்பட்டான்; ஆனால் கண்ணாடிகளைப் பார்த்தான், சைக்கிள்காரருக்கு இடம் விட்டான்.

“எடுத்த ஒடன என்ன செய்யப்போறீங்க?” என்று ஜுமானா கேட்டாள்.

“டர்போ கிட் ஒண்டு பாத்து வச்சிருக்கிறன் அக்கா. பதினெட்டு இஞ்சி றிம். பிறகு காரின்ர உயரத்தை இன்னும் கொஞ்சம் பதிப்பம்.”

“இன்னுமா?”

“எங்கட ஃபிளட் பார்க்கிங் இறக்கத்தில அப்பாவின்ர காரே அடி தட்டும்” என்றாள் மிதுனா பின்னாலிருந்து. “இவன் கொண்டுவந்து ரோட்டிலதான் விடப்போறான்.”

ஜுமானா சிரித்தாள். பிறகு, ஓட்டுகிறவனின் பக்கம் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்த பேச்சு.

“தம்பி, நான் செல்றதக் கேளுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு ஆணி சரி கழட்ட வாணாம். மழையில ஓட்டுங்க, மலைநாட்டுக்கு ஒருக்கா போய் வாங்க. இந்தக் கார் எந்த எடத்துல வழுக்குது, எந்த எடத்துல புடிக்குது எண்டு ஒங்கட ஒடம்புக்கு விளங்கணும். ஒண்டும் விளங்காம மாத்தினா, எது நல்லதாகின எது கெட்டுப்போன எண்டே தெரியாது. நான் அப்பிடிச் செஞ்சுதான் ரெண்டு செட் ஸ்பிரிங் வீணாக்கின.”

“பிறகு டர்போ போடலாமோ?”

“பெறகு பிரேக். அதுக்குப் பெறகு டயர். றிம்ம பெருசாக்கினா பாரம்தான் கூடும், பார்க்கிறவங்களுக்குத்தான் வடிவு. எஞ்சின்ல கை வைக்கிறது கடைசி வேல. நிக்கிறத சரியாக்காம ஓட்டத்தக் கூட்டி என்ன செய்ற?”  உடனே வேறு விஷயத்துக்குப் போனாள். “சைலன்சர் இத விடச் சத்தமா போட வாணாம், பொலிஸ் ஒவ்வொரு சந்தியிலயும் மறிப்பான். மாத்தின எல்லாத்தையும் இன்சூரன்ஸுக்கு எழுதிக் குடுங்க. மறைச்சா, அடிபட்ட அண்டைக்கு அவங்க கைய விரிச்சிருவாங்க.”

‘மறைச்சா’ என்று சொன்னபோது அவளுக்கே காது சுட்டது.

பம்பலப்பிட்டி தாண்டியதும் மிதுனா முன்னால் சாய்ந்தாள். “இது எங்கயாவது அடிபட்டதோ? உடைஞ்சு பொருந்தின இடம் ஏதும்?”

“பம்பர்ல ஒரு கீறல் மட்டுந்தான் தங்கச்சி” என்றார் நபீஸ், உள்ளத்திலிருந்து. “இவங்க இத புள்ள மாதிரிப் பாத்த.”

மிதுனா அவருக்குத் தலையை ஆட்டினாள். பிறகு ஜுமானாவைப் பார்த்தாள். “அப்பிடியோ அக்கா?”

“ம்” என்றாள் ஜுமானா.

அது ஒரு சொல் கூட இல்லை. ஆனாலும் அது போதுமாக இருந்தது. அன்றைக்கே ஜனா முற்பணம் கொடுத்தான். திங்கட்கிழமை மிச்ச அலுவல் பார்ப்பதாகப் பேச்சு. நபீஸ் சந்தோஷத்தில் வட்டிலப்பம் வாங்கிக்கொண்டு வந்தார். ஜுமானா ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, இனிப்புக் கூடிப்போயிற்று என்று தள்ளிவைத்தாள்.

மறுநாள் ஞாயிறு காலை பத்து மணியளவில் ஜனாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘அக்கா, டர்போக்காரரோட கதைச்சிட்டன். வாற மாசம் ஓடுபாதையில ஓட்டம் இருக்காம். பேர் குடுத்திட்டன்.’ கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தான். அதே ஓடுபாதை. தூரத்தில், சின்னதாக, அந்தச் சீமெந்துக் கட்டைகள்.

சொன்னதில் ஒன்றையும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இருபத்துமூன்று வயதில் அவளிடம் யாராவது ஆறு மாதம் பொறு என்றிருந்தால் அவளும் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் அவள் காரின் முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்து ஓட்டுகிறவள். அவன் தெரியாமல் ஓட்டப்போகிறான். போனைக் கவிழ்த்து வைத்தாள். திரும்ப எடுத்தாள். பிறகு நபீஸிடம், ரிப்கானைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

கராஜில் ஞாயிற்றுக்கிழமை அரைக்கதவுதான் திறந்திருந்தது. ரிப்கான் ஒரு லொறியின் கதவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பையன் வாங்கப்போகிறான் என்று சொல்லி, முன்பக்கத்தைப் பார்க்க அவள் கேட்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முன் சில்லைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தான். வெல்டிங் போட்ட இடத்தில் ஒரு துளி துரு இல்லை. விரலால் அந்த வரியைத் தடவியபடி சொன்னான்.

“ரோட்டுல ஓடுறதுக்கு இது இன்னும் பத்து வருஷம் நிக்கும் ராத்தா. அதுக்கு நான் பொறுப்பு.”

“டர்போ போட்டு, ஓட்டத்துக்குப் போனா?”

ரிப்கான் டோர்ச்சை அணைத்தான். “திரும்ப இதே எடத்துல அடிச்சா இது எப்பிடி மடியுமெண்டு எனக்குச் செல்ல ஏலா. புதுசு எப்பிடி மடியுமெண்டு செய்தவனுக்குத் தெரியும். நான் ஒட்டினது எப்பிடி மடியுமெண்டு எனக்கே தெரியாது.” கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பொடியனுக்குச் செல்லிட்டீங்க தானே?” என்றான்.

அவள், “அப்ப எடுத்த ஃபோட்டோ ஒண்ட போன்ல ஈக்கா?” என்று கேட்டாள்.

பதினொரு படங்கள் இருந்தன. மடிந்த சட்டம், இழுக்கும்போது எடுத்தது, கிழிந்த இடம், வெல்டிங் போட்ட பிறகு, பெயின்ட் அடிக்கும் முன். எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்பினான். பிறகு சில்லைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது நபீஸ் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆதிலா அவருக்கு ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜுமானா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். எப்படித் தொடங்குவது என்று வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் அங்கே வந்ததும் கலைந்துபோனது.

“அந்தக் கார் அடிபட்ட கார்” என்றாள். “நீங்க டோஹாவில ஈக்கக்குள்ள. நான் ஓட்டத்துக்குப் போன. பிரேக் புடிக்கல்ல. பம்பர்ல கீறல் எண்டு செல்லினது பொய்.”

நபீஸ் கையில் பிடித்திருந்த சட்டையைக் கயிற்றில் போட்டார். கிளிப் போட்டார். பிறகு திரும்பினார்.

“ஒங்களுக்கு அடிபட்டதா?”

“தோள்ல மட்டும். கண்டிப்போன. ரெண்டு கிழமையில போயிட்டு.”

“அதான் அந்த நாள்ல கமராவ முகத்துக்குக் கிட்ட புடிச்சுக்கொண்டே பேசின” என்றார். அது கேள்வி இல்லை. அவர் எதையோ பின்னோக்கிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். “புள்ளயத் தூக்கிக் காட்டச் செல்லக்குள்ள, கை வலிக்குது, பாரமாகிட்டா எண்டீங்க.”

“ஓம்.”

“நான் ஏசுவன் எண்டு பயந்தா மறைச்ச?”

“ஏசுவீங்க எண்டு இல்ல. கார வித்துப்போடச் செல்லுவீங்க எண்டு.”

நபீஸ் கயிற்றில் கிடந்த சட்டையின் கையை நீவிவிட்டார். “செல்லித்தான் ஈப்பன்” என்றார் கடைசியில். அவர் முகத்தில் கோபம் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. தன் வீட்டில் ஒரு அறை இருப்பதை இப்போதுதான் கண்டவர்போல இருந்தார். ஆதிலா அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்து அடுத்த கிளிப்பை நீட்டினாள். அதை வாங்கி, இன்னொரு உடுப்பைக் காயப்போட்டார்.

“அந்தத் தம்பிட்ட நான் இண்டைக்கே போய்ச் செல்லணும்” என்றாள் ஜுமானா.

“நானும் வாரன். ‘ஒரு கீறல் மட்டுந்தான்’ எண்டு செல்லினது நான்தானே.”

பின்னேரம் நாலு மணிக்கு வெள்ளவத்தையில் ஜனா வீட்டு மாடிக்கட்டடத்தின் கீழே காரை நிறுத்தினார்கள். ஜனாவும் மிதுனாவும் இறங்கி வந்தார்கள். ஜனா, கார் ஒரு நாள் முந்தியே வந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தான். ஜுமானா பொனட்டைத் திறந்து, வலது பக்கத்து மட்காட்டைப் பிடித்திருந்த ஆணிகளைக் காட்டினாள். அவற்றின் தலைகளில் பெயின்ட் உரிந்து, ஸ்பனர் போட்டுத் திருகிய அடையாளம் தெரிந்தது.

“இதக் கழட்டிப் பூட்டியீக்கு. நீங்க நேத்து பாத்திருக்கணும். பாக்காட்டியும் நான் செல்லியிருக்கணும்.” பிறகு போனில் படங்களைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். எந்த ஓடுபாதை, எப்படி அடித்தது, ரிப்கான் காலையில் என்ன சொன்னான் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

ஜனாவின் முகம் சிவந்துபோனது. “நேற்று முழுக்க எனக்குப் புத்தி சொன்னீங்களே அக்கா! பிரேக்க பார், இன்சூரன்ஸுக்கு மறைக்காத எண்டு. இப்ப வந்து இதைச் சொல்லுறீங்கள்.”

“செல்லின புத்தி சரி. செல்லின ஆள்தான் பிழை.”

“எனக்கும் தெரியாது தம்பி” என்றார் நபீஸ். “இண்டைக்குத்தான் தெரியும். ஆனா தெரியாம நான் அடிச்சுச் செல்லினதும் பிழைதான்.”

ஜனா அவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.  பிறகு போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டான்.

மிதுனா அங்கேயே நின்று பதினொரு படங்களையும் பார்த்தாள். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கி, திருப்பி, வெளிச்சத்துக்குப் பிடித்து, வேலையில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “இது முதல் உடைஞ்ச இடம். இதுக்குப் பிறகு பொருத்தினது. வடிவாத்தான் பொருத்தியிருக்கினம்” என்றாள். “ஆனா என்ர தம்பிக்கு வேண்டாம் அக்கா.”

“தெரியும்.” ஜுமானா முற்பணக் கவரை நீட்டினாள். பிரிக்கப்படாமல் இருந்தது.

மிதுனா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டாள். “நான் கேக்கேக்க நீங்கள் ‘ம்’ எண்டனீங்கள். அப்பவே எனக்கு ஒரு மாதிரித்தான் கிடந்தது. ஆனா அண்ணா அவ்வளவு நம்பிச் சொன்னவர், அதால விட்டிட்டன்.” பிறகு, “அவன் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவான். பிறகு சரியாகீடும்” என்று சொல்லிவிட்டு அவளும் படியேறினாள்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் ஜுமானா விளம்பரத்தைத் தானே எழுதினாள். ‘வலது முன்பக்கம் ஓட்டத்தில் அடிபட்டு, சட்டம் நேராக்கி வெல்டிங் செய்தது. படங்கள் உண்டு. செய்த ஆளோடு பேசலாம்.’ பெண் ஓட்டியது என்பதை நபீஸ் அப்படியே விடச் சொன்னார். “அது உண்மதானே” என்றார். அன்று முழுக்க அவர் சொன்னவற்றில் முதன்முதலாகச் சிரிப்பு இருந்த பேச்சு அதுதான்.

போன் அழைப்புகள் குறைந்துபோயின. வந்தவர்களும் படங்களைப் பார்த்ததும் போய்விட்டார்கள். மூன்றாவது கிழமை தெஹிவளையிலிருந்து ஸப்வான் என்ற ஒருவர் வந்தார். ஓட்டத்துக்கென்றே கார் தயாரிப்பவர். தரையில் மல்லாக்கப் படுத்து, காரின் கீழே போய், வெகு நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்து, “இந்தச் சட்டத்த நான் எப்பிடியும் வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைப்பன், உள்ளுக்குச் சீட்டெல்லாம் கழட்டி இரும்புக் கூடு போடுவன். ரோட்டுல விடுறதில்ல” என்றார். கேட்ட விலையில் நியாயமாகக் குறைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார். ஜுமானா வாசலில் நின்று, லொறி சந்தியில் திரும்பும்வரை பார்த்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. நிறுத்துமிடம் வெறுமையாக, எண்ணெய்க் கறையோடு கிடந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு, வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது ஜனா அழைத்தான். 

“அக்கா, கிருலப்பனையில ஒரு ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கிடக்குது. வெள்ளை. ஒண்டும் மாத்தாதது எண்டு சொல்லுகினம். எனக்கு நம்பத் தெரியேல்ல.” அவன் மூச்சு விட்டான். “நீங்கள் ஒருக்கா வந்து பாப்பீங்களோ?”

“மிதுனாவா என்னக் கூப்பிடச் செல்லின?”

“இல்லை. அக்கா தன்ர மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவ. நான்தான்... அடிபட்ட கார் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத்தானே தெரியும்.”

ஜுமானாவுக்குச் சிரிப்பு வந்தது. சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை நபீஸும் ஆதிலாவும் கூட வந்தார்கள். காரின் சொந்தக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களவர், பாடசாலை ஆசிரியர். ஜுமானா சிங்களத்தில் கேட்கத் தொடங்கு முன்னமே, “மல்லி, தம்பி, முதல்ல இதப் பாருங்க” என்று ஜனாவைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், பம்பரில் ஒரு மூலையைக் காட்டினார். மதிலில் உரசி, திரும்பப் பெயின்ட் அடித்த இடம். அதற்குரிய பற்றுச்சீட்டைக்கூட வைத்திருந்தார்.

ஆனாலும் ஜுமானா ஒரு மணி நேரம் பார்த்தாள். கதவுகளின் இடைவெளியை விரலால் அளந்தாள். ஆணித் தலைகளைத் தடவினாள். ஜனா கொண்டுவந்த பிளாஸ்டிக் பாயை விரித்துக் கீழே போய், முன்னும் பின்னும் டோர்ச் அடித்துப் பார்த்தாள். வெளியே வந்தபோது முகத்தில் தூசி. ஆசிரியரின் மனைவி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எடுக்கலாமோ அக்கா?”

“நல்ல கார்” என்றாள். “அவர் காட்டின எடத்தத் தவிர வேற ஒண்டும் எனக்குக் கெடைக்கல்ல. ஆனா நான் செல்றதுக்காக எடுக்க வாணாம். ஓட்டிப் பாத்து, ஒங்களுக்குப் புடிச்சா எடுங்க.”

அவன் ஓட்டிவிட்டு வந்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆசிரியரோடு பேசி முடித்து, தாள்களில் கையெழுத்திட ஒரு நாள் குறித்தார்கள்.

“டர்போ?” என்று ஜுமானா மெல்லக் கேட்டாள்.

“பிறகு பாப்பம்” என்றான் ஜனா. அதில் வேண்டாம் என்பதும் இருந்தது. கட்டாயம் போடுவேன் என்பதும் இருந்தது. அவளுக்கு அது போதும். இனி அது அவனுடைய கார்.

அவன் அவர்களைக் கொட்டாஞ்சேனையில் இறக்க வாடகைக்கார் கூப்பிடுகிறேன் என்றான். நபீஸ் வேண்டாம் என்று, ஹைலெவல் வீதியில் நூற்று முப்பத்தெட்டாம் இலக்க பஸ்ஸை மறித்தார். பின்னேரமாகியிருந்ததால் சீட் கிடைத்தது. ஜுமானா ஜன்னல் பக்கம், நபீஸ் நடைபாதைப் பக்கம், நடுவில் ஆதிலா. பஸ் ஹெவ்லொக் டவுண் போவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டாள். தலை சரிந்து ஜுமானாவின் வலது தோளில் விழுந்தது.

நபீஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக அவர் அந்தத் தோளைப் பற்றி ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

“அந்தக் கிழமை ராவுல புள்ள அழுதா எப்பிடித் தூக்கின?” என்றார்.

“இடக் கையால. முதல் ரெண்டு நாளும் ஏலாமப் போயிட்டு. கட்டில்ல படுத்துக்கொண்டே நெஞ்சுல போட்டுக்கொண்டு ஈந்தன்.”

“உம்மாட்ட?”

“உம்மாட்டயும் செல்லல்ல. ஒருத்தருக்கும் செல்லல்ல.”

நபீஸ் குனிந்து, பிள்ளையைத் தோளிலிருந்து எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார். அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் தூங்கினாள். நடத்துநர் வந்தார். நபீஸ் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சட்டைப்பையைத் தடவினார். அதற்குள் ஜுமானா சல்லியை எடுத்து நீட்டி, கோட்டைக்கு மூன்று என்று சிங்களத்தில், “கொட்டுவ துனய்” என்றாள். பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்று சொல்லி, நடத்துநர் இரண்டைக் கிழித்துக் கொடுத்தார்.